பெயரற்ற அச்சம்: வில்பிரட் பயோனின் உளப்பகுப்பாய்வுப் பணி

பித்து என்னும் சொல்லைக் கவிஞர்கள் பெருமையாகவே கொள்வர். இறைவனையே பித்தன் என்றழைத்த மரபு நம்முடையது. ஆயின், மனம் பிறழ்ந்தோரின் துன்பத்தை அருகிருந்து கண்டவர்கள் அச்சொல்லை அத்துணை எளிதாக ஆளமாட்டார்கள். பித்துக்கும் படைப்புக்கும் உள்ள உறவு யாது? இவ்வினாவை எண்ணிப் பார்ப்பார்க்கு உளப்பகுப்பாய்வாளர் வில்பிரட் பயோனின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

பயோன் 1897இல், வடமதுரை என நம் இலக்கியங்கள் கூறும் மதுராவில் பிறந்தார். தந்தையார் இந்தியாவில் பணியாற்றிய பொறியாளர். எட்டு வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பயோன், பின்னர் இந்தியாவைக் காணவே இல்லை. முதல் உலகப்போரில் டாங்கிப் படையில் பணியாற்றி, 1917இல் நிகழ்ந்த கம்ப்ரே போரில் காட்டிய வீரத்துக்காக உயரிய விருது பெற்றார்.

1918 ஆகஸ்டு 8ஆம் நாள் அமியான் போர்க்களத்தில் அவர் கண்டது வேறு. மார்பு பிளந்து கிடந்த இளம்வீரன் ஒருவன், தன் தாய்க்குக் கடிதம் எழுதுமாறு மீண்டும் மீண்டும் வேண்டினான். அக்குரலைத் தாங்கமாட்டாத பயோன் அவனை வாய்மூடச் சொன்னார். அன்றே தாமும் இறந்துவிட்டதாக, அவர் மறைவுக்குப்பின் 1982இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதியுள்ளார்.

ஆக்ஸ்போர்டில் வரலாறும் இலண்டனில் மருத்துவமும் பயின்றபின், டாவிஸ்டாக் மருத்துவ மனையில் உளமருத்துவரானார். 1934, 1935ஆம் ஆண்டுகளில் அவரிடம் சிகிச்சை பெற்றவருள் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டும் ஒருவர். இரண்டாம் உலகப்போருக்குப்பின் மெலனி கிளைனிடம் பகுப்பாய்வுக்கு உட்பட்ட பயோன், 1950களில் மனப்பிறழ்வுற்றோரைத் தொடர்ந்து ஆராய்ந்தார்.

1957இல் வெளியிட்ட கட்டுரையில், பிறழ்வுற்றவரிடத்தும் பிறழாத பகுதியொன்று உண்டு என நிறுவினார். முழுதும் பித்தரென ஒருவரும் இலர் என்பதே இதன் பொருள். 1959இல் எழுதிய கட்டுரை இன்னும் ஆழமானது. பிறழ்ந்த மனம் இணைப்புகளையே தாக்குகிறது என்றார். எண்ணத்தை எண்ணத்தோடும், சொல்லைப் பொருளோடும், ஒருவரை மற்றொருவரோடும் பிணைப்பவை அறுபடுகின்றன. தாங்கவொண்ணாத துன்பத்தை உணராதிருக்க, உணரும் கருவியையே மனம் சிதைத்துக்கொள்கிறது.

இதன் வேர் யாது? இறந்துவிடுவோமோ என்னும் குழந்தையின் அச்சத்தைத் தாய் தன்னுள் வாங்கி, தாங்கத்தக்கதாக மாற்றித் திருப்பித் தருகிறாள். அவ்வாறு ஏற்பார் இல்லாதபோது, அவ்வச்சம் பொருளிழந்து பெயரற்ற அச்சமாகக் குழந்தையிடமே மீளும் என்பது 1962இல் அவர் வகுத்த கொள்கை. தாயைத் தேடிய அவ்விளம்வீரனின் குரலை இக்கொள்கையின் பின்னே கேட்க முடிகிறது என்பது என் கருத்து. ஒருகால் ஏற்க இயலாத குரலை ஏற்கவே அவர் வாழ்நாள் முழுதும் பயின்றார் போலும்.

1968இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியேறிய பயோன், 1970இல் வெளியிட்ட நூலில் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸை நாடினார். ஐயத்தினிடையிலும் புதிரினிடையிலும் அவசரமாக விடை தேடாது நிலைத்திருக்கும் ஆற்றலைக் கீட்ஸ் 1817இல் தம் சகோதரர்க்கு எழுதிய மடலில் போற்றியிருந்தார். அவ்வாற்றலே பகுப்பாய்வாளர்க்கும் வேண்டுவது என்றார் பயோன். மருத்துவர் கவிஞரிடம் மாணவராகிய இடம் இது. 1979இல் ஆக்ஸ்போர்டில் அவர் மறைந்தார்.

பித்தும் கவிதையும் ஒரே இருளின் விளிம்பில் நிற்பன. ஆயின் பித்து அங்கே இணைப்பை இழக்கிறது. கவிதை இணைப்பைப் படைக்கிறது. பெயரற்றதற்குப் பெயர் தருவது கவிஞர் தொழில். அப்பெயர் கிட்டாமல் தவிப்பாரின் துன்பத்தை அணியாகப் பூண நமக்கு உரிமையில்லை. அவர்தம் குரலைப் பொறுத்திருந்து கேட்கும் கடமையே நமக்குண்டு.