விருந்தினரும் குடிகளும்: வெனிசு நகர் தரும் பாடம்



விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முன்னோர் வாக்கு. வந்தவர்க்கும் இருப்பவர்க்கும் இடையே ஓர் எல்லை வேண்டும் என்னும் உண்மையை அது சுருங்கச் சொல்கின்றது. அவ்வெல்லையை ஒரு காலத்தில் கண்டிப்புடன் வகுத்து, பிற்காலத்தில் அதனைக் கைநழுவ விட்ட ஒரு நகரின் வரலாற்றை இன்று நோக்குவோம். அந்நகர் இத்தாலி நாட்டின் வெனிசு.

கடற்கழியின் நடுவே, சேற்று நிலத்தில் மரக்கால்களை இறக்கி அவற்றின்மீது எழுப்பப்பட்டது வெனிசு. வாணிகத்தால் உயர்ந்த அக்குடியரசுக்கு அந்நியர் வருகை புதியதன்று. ஆயினும் வந்தோர் எல்லாரையும் விரும்பிய வீட்டில் தங்கவிட அரசு இசையவில்லை. செருமானிய வணிகருக்கென்று ரியால்டோ என்னுமிடத்தில் 13ஆம் நூற்றாண்டிலேயே விடுதியும் பண்டசாலையும் ஒருங்கே அமைந்தன. 1505இல் அது தீக்கிரையாகவே, 1508இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. அவ்வணிகர் அங்கேயே தங்கவேண்டும். இரவில் வாயில்கள் பூட்டப்படும். 1621இல் துருக்கிய வணிகருக்கும் தனி இல்லம் ஒதுக்கப்பட்டது. வரியும் கண்காணிப்புமே இவ்வேற்பாட்டின் நோக்கம். குடிகளின் வீடுகளைக் காப்பதன்று. எனினும், அவ்வணிகரளவில், விருந்தினர் விடுதி வேறு, குடிகளின் இல்லம் வேறு என்னும் வரம்பு அதனால் நிலைபெற்றது.

1797இல் நெப்போலியனின் படைமுன் குடியரசு வீழ்ந்தது. 1846இல் புகையிரதப் பாலமும், 1933இல் மோட்டார் வண்டிகளுக்கான பாலமும் தீவு நகரைப் பெருநிலத்தோடு இணைத்தன. வாணிகம் தேய, உல்லாசப் பிரயாணிகளின் வருகை பெருகிற்று.

1951ஆம் ஆண்டளவில் பழைய நகரில் ஏறக்குறைய 175,000 மக்கள் வாழ்ந்தனர். அதன் பின்னர் தொகை குறையலாயிற்று. எதிர்க்கரையின் மார்கெரா தொழிற்சாலைகள் வேலை தந்தன. மெஸ்திரேயின் புதிய மாடிவீடுகள் வசதி தந்தன. 1966 நவம்பர் 4ஆந் தேதி எழுந்த பெருவெள்ளம் கீழ்த்தளங்களில் வாழ்ந்தோரை நிலைகுலையச் செய்தது. 2009இல் தொகை அறுபதினாயிரத்துக்குக் கீழே இறங்கிற்று. அவ்வாண்டு நவம்பரில் நகர மக்கள் சிலர் சவப்பெட்டி ஒன்றைப் படகிலேற்றிப் பெருங்கால்வாய் வழியே கொண்டுசென்று, தம் நகருக்கே இறுதிச் சடங்கு நடத்திக் காட்டினர்.

ஆகவே, நாட்கணக்கில் வீடுகளை வாடகைக்கு விடும் வழக்கமே வெனிசைத் தேயச் செய்தது என்று கூறின் அது வரலாற்றுக்குப் பொருந்தாது. தேய்வு முன்னரே தொடங்கிவிட்டது. அவ்வழக்கம் செய்தது வேறொன்று: போனவர் திரும்பிவரும் வாயிலை அது அடைத்துவிட்டது.

2008இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் எயார்பிஎன்பி என்னும் நிறுவனம் தோன்றிற்று. வீட்டுடையவரையும் பிரயாணியையும் இணையத்தின் மூலம் அது நேரே பிணைத்தது. அதன் அடியொற்றி வேறு சிலவும் எழுந்தன. இத்தாலியில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடும்பத்துக்கு வழமையான முறையில் வீடு கொடுப்பவர் நான்காண்டுக்கு ஒப்பந்தஞ் செய்கின்றார். அது பெரும்பாலும் மேலும் நான்காண்டு நீளும். பிரயாணிக்குக் கொடுப்பவரோ ஒவ்வோர் இரவுக்கும் தனிக் கூலி பெறுகின்றார்; வேண்டும்போது வீட்டையும் மீட்டுக்கொள்கின்றார். எதனை அவர் விரும்புவார்? உப்புக்காற்று அரித்த சுவரைச் செப்பனிட வழியற்ற முதியவருக்கு அவ்வருவாய் பெருந்துணை என்பதையும் மறுத்தல் நீதியன்று. ஆயினும் ஒருவருக்கு நன்மையானதைத் தெருவார் எல்லாரும் செய்தபோது தெருவே விடுதியாயிற்று. குடியிருக்கக் கிடைக்கும் வீடுகள் அருகின, வாடகை ஏறிற்று. பிரயாணிக்கு உணவு பரிமாறுபவரும் அவன் படுக்கையை விரிப்பவரும் எதிர்க்கரையிலிருந்து நாள்தோறும் வந்துபோக நேர்ந்தது.

நகரின் மருந்துச்சாலை ஒன்றின் கண்ணாடியில், 2008 முதல், குடிகளின் தொகையைக் காட்டும் எண்பலகை ஒன்று உண்டு. 2022 ஆகஸ்டில் அது ஐம்பதினாயிரத்துக்குக் கீழே இறங்கிற்று. 2023இல், பிரயாணிகளுக்கான படுக்கைகளின் தொகை குடிகளின் தொகையை விஞ்சிவிட்டதென, வீட்டு நிலைமையை ஆராயும் குடிமக்கள் அமைப்பொன்று கணக்கிட்டது. செருமானிய வணிகரின் பழைய மாளிகையோ 20ஆம் நூற்றாண்டில் தபாற் கந்தோராக இருந்து, 2016இல் ஆடம்பரப் பண்டங்கள் விற்கும் அங்காடியாயிற்று.

2022இல் இத்தாலியச் சட்டம் இவ்வாடகையை வரையறுக்கும் அதிகாரத்தை வெனிசுக்கு வழங்கிற்று. 2024இல், ஒரு பகல் மட்டும் வந்துபோவோரிடம் குறித்த சில நாட்களில் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடப்பட்டது. இரவு தங்குவோருக்கு அக்கட்டணம் இல்லை. ஆகையால் வீட்டுப் பிரச்சினையை அது தொடவில்லை. ஸ்பானியாவின் பார்சலோனா நகரமோ, 10,101 பிரயாணி வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப்பின் புதுப்பிப்பதில்லை என 2024 யூனில் அறிவித்தது.

நேயர்களே, யான் பாடசாலை அதிபராக இருப்பவன். ஊர் ஒன்று தேய்வதை முதலில் உணர்த்துவது மாணவர் இடாப்பே என்பதை என் தொழில் எனக்குக் கற்பித்தது. ஒரு வீடு விடுதியானால், இடாப்பில் இரு பெயர்கள் குறையும். பிரயாணி பணந் தருவான். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பமாட்டான். அயலவர் இறந்தால் பாடை தூக்க நிற்கவுமாட்டான். நம் நாட்டிலும், 1988இல் உலக மரபுரிமையிடமாகிய காலிக் கோட்டையினுள் பழைய இல்லங்கள் பல விடுதிகளாகியுள்ளன. விருந்தோம்பல் நமது அறம். விருந்தை ஓம்ப வீட்டில் ஒருவர் இருத்தல் வேண்டுமன்றோ? அவரை வெளியேற்றிவிட்டு வரவேற்கும் விருந்து விருந்தாகாது.