ஒழுகும் புல்லட்டின் பழைய கதை



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் தாத்தா ஓட்டிய புல்லட் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறதாம். "ஆயில் ஒழுகித் தரையெல்லாம் கறை சார், புகை வேற தள்ளுது. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு அப்பா சொல்றார்" என்றார். காபி குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புல்லட் பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில். நம் ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு வலுவான வண்டி தேவைப்பட்டதால் ஐம்பதுகளின் தொடக்கத்தில் 350 சிசி புல்லட்டுகளை வரவழைத்தார்கள். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு உற்பத்திக் கருவிகளையே வாங்கி இங்கேயே செய்தார்கள். 1970-இல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் அதே ஐம்பதுகளின் இன்ஜின் 2010 வாக்கு வரை பெரிய மாற்றமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அன்று வாங்கிய போல்ட்டு இன்றும் பொருந்தும் என்றால் காரணம் இதுதான். ஒழுகலும் அதோடு சேர்ந்தே வந்தது.

ஏன் ஒழுகுகிறது? அந்த இன்ஜினின் கிராங்க் கேஸ் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து பூட்டப்பட்டது. கியர் பாக்ஸ் தனி. இடப்பக்கம் பிரைமரி செயினுக்குத் தனிப்பெட்டி, அதன் மூடியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட்டு. வலப்பக்கம் டைமிங் கவர், மேலே ராக்கர் மூடிகள், ஹெட்டுக்கு ஆயில் கொண்டுபோக வெளியே ஓடும் குழாய். போரு வார்ப்பிரும்பு, மற்றவை அலுமினியம். சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரியாது. இத்தனை மூட்டுகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு காகித பேக்கிங்கோ ரப்பர் வளையமோதான். "ஒழுகலேன்னா உள்ள ஆயில் இல்லேன்னு அர்த்தம்" என்று மெக்கானிக்குகள் கேலி செய்வது சும்மா இல்லை.

அந்தக் கேலியை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். தொண்ணூறுகளில் நானும் ஒரு பழைய புல்லட் வைத்திருந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் நம் அரியலூர்ச் சாலைகளின் புழுதியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏர் ஃபில்டரைக் கவனிக்காமலே ஓட்டினேன். வருடத்துக்கு ஒரு முறை பேக்கிங் மாற்றுவேன், ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகும். ஒருமுறை பத்து நாள் சொட்டுக்கூட இல்லை. பெருமையாக ஜெயங்கொண்டம் கிளம்பினேன். வி.கைகாட்டி தாண்டியதும் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. திறந்து பார்த்தால் ஆயில் அடி தொட்டிருந்தது. பின்னால் போன புகையை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை!

மெக்கானிக் பாய் அன்று விளக்கியதை வகுப்பில்கூட யாரும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. புழுதி உள்ளே போய் ரிங்கும் போரும் தேய்ந்திருந்தன. தேய்ந்த ரிங்கைத் தாண்டி எரிந்த வாயு கிராங்க் கேசுக்குள் இறங்குகிறது. அங்கே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் வெளியேற இடப்பக்கம் பிரீதர் உண்டு. அதில் வாத்தின் அலகு மாதிரி ஒரு சின்ன ரப்பர் வால்வு. அது காய்ந்து கெட்டியானாலும், உள்ளே அழுத்தம் மிஞ்சினாலும், ஆயில் கிடைத்த மூட்டு வழியாகவெல்லாம் பிதுங்கும். அப்படியானால் எத்தனை பேக்கிங் மாற்றி என்ன பயன்? ஒழுகலும் ஆயில் குடிப்பதும் இரண்டு நோய் என்று நான் நினைத்திருந்தேன். என் வண்டியில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. திருச்சிக்கு அனுப்பி ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு வந்தது. அரை மாதச் சம்பளம் போனது. வீட்டில் கேட்டதை எழுத வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புல்லட்டில் ஆயில் தொட்டி கிராங்க் கேசின் பின்பகுதியிலேயே இருக்கிறது. சுமார் இரண்டேகால் லிட்டர் பிடிக்கும். வண்டி நாள்கணக்கில் நின்றால் தொட்டி ஆயில் பம்பு வழியே கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். காலையில் குச்சியை எடுத்துப் பார்த்து, குறைந்துவிட்டதே என்று ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் கூடுதல் ஆயிலை பிரீதர் வழியே கக்கும். நல்ல இன்ஜினையும் கெட்டது என்று விற்றவர்கள் உண்டு. சில நிமிடம் ஓட்டி, பம்பு ஆயிலைத் தொட்டிக்குத் திருப்பிய பிறகே அளவு பார்க்க வேண்டும்.

பிறகு வந்த இன்ஜினில் கியர் பாக்ஸையும் சேர்த்து ஒரே கூட்டுக்குள் வைத்துவிட்டார்கள், மூட்டுகள் குறைந்தன. 2009-இல் வந்த கிளாசிக்கில் அதுதான். சத்தம் போச்சு என்று வருந்தியவர்கள் அநேகம், தரை சுத்தமானதைச் சொன்னவர்கள் குறைவு.

இனி அந்த மாணவருக்கு. தம்பி, முதலில் புகையைப் பார். முறுக்கும்போது நீலப்புகை தொடர்ந்து வந்தால் ரிங், போரு. நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதும், ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி முறுக்கும்போதும் மட்டும் வந்தால் வால்வு கைடு, அதற்குச் செலவு கம்மி. நீலப்புகையே இல்லை என்றால் வெறும் பேக்கிங் வேலையாக இருக்கலாம். அந்த பிரீதர் ரப்பரை எப்படியும் மாற்று, விலை ஒன்றும் பெரிதில்லை. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க இன்ஜினைக் கழுவிக் காயவைத்து, சாக்பீஸ் தூளைத் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டினால் போதும். ஆயில் கிளம்பும் மூட்டில் கறுப்புக் கோடு தெரியும்.

இரும்புக்காரரை ஒரு வாரம் பொறுக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டு வாப்பா. சாக்பீஸ் என்னிடம் இன்னும் இரண்டு டப்பா இருக்கிறது.