வால்வுப் பெருக்கிகளில் வேண்டாத அலைவு: தமிழகப் பின்புலத்தில் ஒரு தொழில்நுட்ப வரலாறு

முன்னுரை

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களை வால்வுக் காலத்தில் அதிகம் அலைக்கழித்த கோளாறு ஒன்று உண்டு. சைகையைப் பெருக்கித் தர வேண்டிய வால்வு, உள்ளீடே இல்லாமல் தானாக ஒரு சைகையை உண்டாக்கத் தொடங்கிவிடும். இந்த வேண்டாத அலைவுக்குக் காணப்பட்ட தீர்வுகள் கோளாறை உடனே ஒழித்துவிடவில்லை; இன்னும் உயர்ந்த அதிர்வெண்ணுக்கு விரட்டின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. வரமாக வந்த அலைவு

கொலம்பியா பல்கலைக்கழக மாணவரான எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1912இல் வால்வின் வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டார். கேட்கவே முடியாத சைகை காதில் விழும் அளவுக்கு வலுத்தது. திருப்பிவிடும் அளவு எல்லை மீறினால் அதே சுற்று அலைவியாக மாறியது. அலைவு அன்று கோளாறன்று, கண்டுபிடிப்பு. 1914இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

பத்தாண்டுக்குள் வால்வு சென்னையில் ஒலிபரப்பத் தொடங்கியது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924இல் அமைத்த சென்னை மாகாண வானொலி மன்றம், அவ்வாண்டு ஜூலை 31 அன்று 40 வாட் ஒலிபரப்பியுடன் நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. நிதி நெருக்கடியால் 1927இல் மன்றம் ஓய்ந்தது; ஒலிபரப்பி மாநகராட்சியிடம் சென்று, 1930 முதல் மீண்டும் ஒலித்தது. ஆம்ஸ்ட்ராங் முறையில் வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் பின்னூட்ட ஏற்பிகள் பரவியிருந்த காலம் அது. அத்தகைய ஏற்பியை ஒருவர் அளவு மீறித் திருகினால், அவர் வீட்டு ஏற்பியே ஒலிபரப்பியாகி அக்கம்பக்கத்து வானொலிகளில் ஊளையிடும். வேண்டாத அலைவு பொதுத் தொல்லையானது இப்படித்தான்.

2. நடுநிலையாக்கம்

மூன்று மின்வாய் வால்வில் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே சில பிக்கோஃபாரட் மின்தேக்கம் தவிர்க்க முடியாதது. அதன் வழியே வெளியீடு உள்ளீட்டுக்குக் கசிந்து, வேலை செய்யும் அதிர்வெண்ணிலேயே அலைவு பிறக்கும். லூயி ஹேசல்டைன் 1923இல் அறிவித்த நியூட்ரோடைன் சுற்று, கசிவுக்குச் சமமான எதிர்க்கசிவைச் சிறு மின்தேக்கி மூலம் கொடுத்து அதை ரத்துசெய்தது.

ஹாம்களும் ஒலிபரப்பியில் இதையே கையாண்டனர். பிளேட்டுக்குப் போகும் உயர்மின்னழுத்தத்தைத் துண்டித்து, உள்ளீட்டை மட்டும் கொடுத்து, பிளேட் டியூனிங்கைச் சுழற்றுவார்கள். ஒத்ததிர்வைக் கடக்கும்போது கிரிட் மீட்டர் முள் துள்ளினால் கசிவு இன்னும் இருக்கிறது. முள் அசையாத நிலை வரும்வரை நடுநிலை மின்தேக்கியைத் திருத்துவார்கள்.

3. திரைக் கிரிட்டும் 807உம்

கசிவை ரத்துசெய்வதைவிட மறிப்பதே மேல் என்ற சிந்தனை அடுத்து வந்தது. 1926இல் ஆல்பர்ட் ஹல் வெளியிட்ட ஆய்வுகள், கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே ஒரு திரைக் கிரிட் வைத்தால் கசிவு வெகுவாகக் குறைவதைக் காட்டின. அமெரிக்க நிறுவனமான ஆர்.சி.ஏ. 1936இல் திரைக் கிரிட் கொண்ட 6எல்6 வால்வைக் கொண்டுவந்தது. அதன் வழிவந்த 807, பிளேட் இணைப்பைக் கண்ணாடிக் குமிழின் உச்சிக்குக் கொண்டுபோனது. அதில் கசிவு மின்தேக்கம் 0.2 பிக்கோஃபாரடுக்கு மேற்படவில்லை.

இந்தியாவில் 1939இல் போர் மூண்டதும் ஹாம் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. போருக்குப்பின் இராணுவ உபரியாக 807 மலிவாகக் கிடைத்தது; இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் 1948இல் மௌ நகரில் உருவானது. வீட்டிலேயே ஒலிபரப்பி கட்டிய இந்திய ஹாம்களுக்கு நெடுங்காலம் கைகொடுத்த வால்வு 807தான். அதற்குப் பெரும்பாலும் நடுநிலையாக்கமே தேவைப்படவில்லை; ஆனால் அதன் உயர் பெருக்கம் புதிய இடத்தில் அலைவைக் கிளப்பியது.

4. பத்து சென்டிமீட்டர் கம்பி

வால்வு உச்சியிலிருந்து டியூனிங் மின்தேக்கிக்கு ஓடும் சுமார் 10 செ.மீ. கம்பிக்கு 0.1 மைக்ரோஹென்றி அளவில் தூண்டம் உண்டு. வால்வின் மின்தேக்கத்தையும் சுற்றுக்கம்பிகளின் மின்தேக்கத்தையும் 10 பிக்கோஃபாரட் என்று கொண்டால், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 159 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும். வரைபடத்தில் வெறும் கோடாகத் தெரியும் கம்பி, அங்கே ஒரு டியூனிங் சுற்று. இதுவே பாரசிட்டிக் எனப்பட்ட ஒட்டுண்ணி அலைவு. உள்ளீடு இல்லாதபோதும் கிரிட் மின்னோட்டம் காட்டுவதும், பிளேட் மின்னோட்டம் திடீரெனத் தாவுவதும் இதன் அறிகுறிகள்.

50 முதல் 100 ஓம் கார்பன் மின்தடை ஒன்றின்மேல் நான்கைந்து சுற்றுக் கம்பி சுற்றி, பிளேட் முனையருகே தொடராக வைப்பது மருந்து. அந்தச் சுருளின் தூண்டமும் சுமார் 0.1 மைக்ரோஹென்றிதான். 7 மெகாஹெர்ட்ஸில் அதன் மறிப்பு 4.4 ஓம் மட்டுமே என்பதால் மின்னோட்டம் கம்பி வழியே போய்விடும். 159 மெகாஹெர்ட்ஸில் மறிப்பு 100 ஓமாக உயர, மின்னோட்டத்தில் கணிசமான பங்கு மின்தடைக்குள் தள்ளப்பட்டு, அலைவின் ஆற்றல் அங்கே வெப்பமாகி வீணாகும்.

5. மலைக்கு இப்பால்

இந்த அலைவு ஏன் எளிதில் சிக்கவில்லை என்பதைத் தம்மம்பட்டியின் நிலவமைப்பைக் கொண்டு விளக்கலாம். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட ஊர் அது. அங்கிருந்து 7 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பினால், அலை அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி மலைகளைக் கடந்து சேலத்துக்கும் சென்னைக்கும் போகும். 159 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. ஆன்டெனாவை எட்டுவதே குறைவு, எட்டினாலும் மலை மறிக்கும். எதிர்முனை ஹாமுக்கு ஒன்றும் தெரியாது. தெரிவது பக்கத்து வீட்டாருக்கே.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபின் தமிழகத்தில் அந்தப் பக்கத்து வீட்டார் கேள்வி கேட்கும் நிலை வந்தது. தொலைக்காட்சிக் குறுக்கீடு ஒட்டுண்ணி அலைவால் மட்டுமன்றி, ஒலிபரப்பு அதிர்வெண்ணின் மடங்கான ஒத்திசையாலும் வரலாம்: 21 மெகாஹெர்ட்ஸின் மூன்றாம் ஒத்திசை 63 மெகாஹெர்ட்ஸ். அது அன்றைய தொலைக்காட்சியின் முதல் பட்டைக்குள் விழுந்தது. ஒலிபரப்பு அதிர்வெண்ணை மாற்றினால் ஒத்திசையும் அதே விகிதத்தில் நகரும். ஒட்டுண்ணி அலைவுக்கு அந்த விகிதக் கட்டுப்பாடு இல்லை. இவ்வேறுபாடே இரண்டையும் பிரித்தறிய உதவியது.

முடிவுரை

1912இல் விரும்பி ஏற்ற அலைவு, 1920களில் வேலை அதிர்வெண்ணில் தொல்லையாகி, திரைக் கிரிட் வந்தபின் நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஒதுங்கியது. ஒட்டுண்ணி அலைவை அடக்கும் சுருளை, மின்தடை மிகுந்த நிக்ரோம் கம்பியில் சுற்றலாமா என்ற விவாதம் 1980களின் இறுதியில்கூட அமெரிக்க ஹாம்களிடையே சூடாக நடந்தது. டிரான்சிஸ்டர் பெருக்கிகளில் திசை தலைகீழாகிறது: அவற்றின் பெருக்கம் தாழ்ந்த அதிர்வெண்ணில் மிகுவதால் அலைவும் அங்கேயே தலைதூக்குகிறது. ஆகவே மேல்நோக்கிய நகர்வு வால்வுக்கு மட்டுமே உரியது. இரண்டுக்கும் பொதுவான பாடம், வேலை அதிர்வெண்ணில் மட்டும் சோதிப்பது போதாது, கருவிக்குப் பெருக்கம் உள்ள அதிர்வெண் பரப்பு முழுவதையும் சோதிக்க வேண்டும் என்பதே.