பிரைட்டனுக்குப் புறப்பட்ட ஓட்டை வண்டிகள்

ஒரு கார் எப்போது காயலான் கடைச் சரக்கு, எப்போது பொக்கிஷம்? வயது மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. 1920களின் இங்கிலாந்தில் இருபது வயதுக் காரைச் சீந்துவார் அநேகமாக இல்லை. கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது, அல்லது எடைக்குப் போனது. அதற்கு மரியாதை வந்தது லண்டன் - பிரைட்டன் சாலையில். இரண்டு ஊர்வலங்களும் ஒரு தேதியும் சேர்ந்து கொண்டுவந்த மரியாதை அது.

முதல் ஊர்வலம் ஒரு வியாபாரியின் ஏற்பாடு; அதன் பின்னணி ஒரு பழைய சட்டம். நீராவி இழுவை வண்டிகளுக்காக 1865இல் வந்த பிரிட்டிஷ் சட்டம், குதிரை பூட்டாத வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது என்றது. வண்டிக்கு முன்னால் சிவப்புக் கொடியோடு ஓர் ஆள் நடக்க வேண்டும். 1878இல் கொடி கட்டாயம் இல்லை என்றானது. நடக்கும் ஆள் மட்டும் மிஞ்சினார். பிரான்சில் மோட்டார் பந்தயமே நடந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் கார்கள் மனிதனின் நடைக்குப் பின்னால் ஊர்ந்தன.

1896இல் புதிய சட்டம் வந்தது. வேக வரம்பை 14 மைலாக உயர்த்தியது. அதிகாரிகள் அதை 12ஆகக் குறைத்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்த நவம்பர் 14, சனிக்கிழமையன்று, ஹாரி லாசன் என்ற தொழில் முனைவர் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 'விடுதலை ஓட்டம்' நடத்தினார். மோட்டார் காப்புரிமைகளை வாங்கிக் குவித்து, கம்பெனிகள் தொடங்கிப் பங்கு விற்றவர் அவர். காரை ஊரறியச் செய்வதில் அவருக்கு லாபம் இருந்தது. காலை விருந்தில் வின்சில்சி பிரபு ஒரு சிவப்புக் கொடியைக் கிழித்தெறிந்தார். பதினெட்டு வருடமாகக் கட்டாயமில்லாத கொடி! ஆனாலும் கூட்டம் ஆரவாரித்தது. மழையிலும் சேற்றிலும் முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் கிளம்பின. ஏறக்குறையப் பாதிதான் கரைசேர்ந்தன. அதிலும் ஒரு மின்சார வண்டி ரயிலில் வந்து இறங்கி, சேற்றைப் பூசிக்கொண்டு கூட்டத்தில் கலந்ததாக வதந்தி. பங்குதாரர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக லாசன் 1904இல் சிறை சென்றார்.

அந்தப் பயணத்தை 1927இல் 'டெய்லி ஸ்கெட்ச்' என்ற நாளிதழ் தூசி தட்டி எடுத்தது. நோக்கம் வேடிக்கை. பாட்டன் காலத்துக் கார்கள் முக்கி முனகி வருவதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று கூட்டம் வந்தது. 'ஓட்டை வண்டிப் பந்தயம்' என்று பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஓட்டை வண்டியை ஓட்டியவர்களுக்கு அது சிரிப்பாக இல்லை. சில கார்களில் ஸ்டியரிங் சக்கரமே கிடையாது, படகுச் சுக்கான் போல ஒரு கைப்பிடிதான். கண்ணாடி மறைப்பு இல்லாததால் நவம்பர்க் குளிர் நேராக முகத்தில் அறையும். எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்குகிறதா என்று ஒரு கண் வைத்திருக்க வேண்டும். பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும். இறக்கத்தில் அதை நம்பக் கூடாது. ஏற்றத்தில் உடன் வந்தவர்கள் இறங்கித் தள்ள வேண்டும். இப்படிப் பிரைட்டன் வந்து சேர்ந்தவருக்கு அந்தக் காரின் ஒவ்வொரு திருகும் அத்துப்படி.

1930இல் ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஓட்டத்தைப் பொறுப்பேற்றது. அதே ஆண்டு, பிரைட்டனின் ஓல்டு ஷிப் ஹோட்டலில் கூடிய ஆர்வலர்கள் 'வெட்டரன் கார் கிளப்' தொடங்கினார்கள். அவர்களில் சாமி டேவிஸ் 1927இன் லெ மான் பந்தயத்தை பென்ட்லியில் வென்றவர். அன்றைய அதிவேகக் காரின் ருசி கண்டவர் ஆமை வேக வண்டிக்குச் சங்கம் வைத்தார் என்றால், அதைக் கேலி என்று ஒதுக்க முடியுமா?

ஓட்டத்துக்கு ஒரு கோடும் கிழிக்கப்பட்டது: 1904 முடிவதற்குள் செய்த கார் மட்டும். அதோடு, காரின் பிறந்த ஆண்டை நிரூபிக்க வேண்டியதாயிற்று. வெட்டரன் கிளப் ஆட்கள் எஞ்சின் எண்ணையும் அடிச்சட்டத்தையும் பழைய விளம்பரங்களையும் ஒப்பிட்டுச் சான்றிதழ் தரத் தொடங்கினார்கள். கொட்டகைகளில் தேடல் ஆரம்பித்தது. சான்றிதழ் இருந்தால் ஓடலாம் என்றதும், துரு பிடித்ததையெல்லாம் எடைக்குப் போடும் கை தயங்கியது.

1934இல் 'வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்' பிறந்து, பின்னர் 1930 வரை வந்த கார்களுக்குத் தனிக் கோடு கிழித்தது. 1953இல் வந்த 'ஜெனிவீவ்' என்ற நகைச்சுவைப் படம், பிரைட்டன் போய்த் திரும்பும் பழைய டராக் காரைக் கதாநாயகியாக்கி, பழைய கார் ஆசையைத் திரையரங்குகளுக்குக் கொண்டுபோனது.

இன்றும் நவம்பர் முதல் ஞாயிறு விடியும்போது லண்டனின் ஹைட் பார்க்கிலிருந்து கார்கள் கிளம்புகின்றன. முதல் பரிசு கிடையாது. மாலை நாலரைக்குள் வந்து சேர்ந்தால் பதக்கம். மணிக்கு சராசரி 20 மைலைத் தாண்டுவது தடை. ஏலத்திலோ 1904 என்று சான்று பெற்ற கார், அடுத்த ஆண்டில் பிறந்த தன் தம்பியைவிட அதிகம் விலைபோகிறது. இரண்டிலும் இரும்பு ஒன்றுதான். ஒன்றுக்குப் பிரைட்டன் போகும் உரிமை இருக்கிறது.