சிறிய பாடசாலை, பெரிய வீதம்: மாற்றுப் பாடசாலைகளின் பெறுபேற்றை வாசிப்பது எப்படி?

நியூயோர்க் நகரின் கிழக்கு ஹார்லம், கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து குடியேறியவர்களும் செறிந்து வாழ்ந்த வறிய பகுதி. 1974இல் டெபோரா மையர் என்ற ஆசிரியை அங்கு சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் என்ற ஆரம்பப் பாடசாலையைத் தொடங்கினார். இது கட்டணம் அறவிடாத அரச பாடசாலை. 1985இல் அதன் தொடர்ச்சியாக இடைநிலைப் பாடசாலை ஒன்றும் திறக்கப்பட்டது. 7ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை சுமார் 450 மாணவர்கள். ஈராயிரம், மூவாயிரம் பேர் ஒரே கூரையின் கீழ் படிக்கும் அந்த நகரில் இது மிகச் சிறியது.

மாணவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள். பாதிக்கும் மேற்பட்டோர் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றவர்கள். அமெரிக்கப் பாடசாலைத் தரவுகளில் வறுமையை அளக்கும் வழக்கமான அளவுகோல் இந்த மதிய உணவுதான். பெற்றோரின் வருமான விபரம் பாடசாலையின் கையில் இருக்காது. உணவு விண்ணப்பம் இருக்கும்.

நகரின் மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரே உரிய காலத்தில் உயர்நிலைக் கல்வியை முடித்த காலம் அது. இங்கோ 90 வீதத்துக்கும் மேற்பட்டோர் முடித்தனர். அவர்களில் பெரும்பாலானோர் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் சென்றனர். 1987இல் மையருக்கு மக்ஆர்தர் விருது கிடைத்தது. பிரெடரிக் வைஸ்மன் 1994இல் வெளியிட்ட ஆவணப்படம் இந்தப் பாடசாலையைப் பற்றியதே.

அங்கு மாணவர் ஒருவர் வெளியேறும் முறையே வேறு. 14 துறைகளில் தன் ஆக்கங்களைத் திரட்டி, ஒரு குழுவின் முன் அமர்ந்து விளக்க வேண்டும். குழுவில் ஆசிரியர்களோடு இன்னொரு மாணவரும் இருப்பார். எந்தப் பாடமானாலும் ஐந்து கேள்விகள் திரும்பத் திரும்ப வரும்: இதற்கு ஆதாரம் என்ன? இது யாருடைய பார்வை? இது எதனோடு தொடர்புபட்டது? வேறு விதமாக நடந்திருந்தால்? இது ஏன் முக்கியம்? எத்தனை 9ஏ என்று எண்ணிப் பதாதை கட்டும் நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் மனனம் செய்து வந்து இந்தக் கேள்விகளைச் சமாளிப்பது கடினம்.

இனி அந்த 90 வீதத்துக்கு வருவோம். அதை நம்பலாமா?

முதல் சந்தேகம் மாணவர்கள் யார் என்பது. இது பெற்றோர் தேடி வந்து சேர்க்கும் பாடசாலை. அக்கறையுள்ள வறிய பெற்றோரின் பிள்ளையும், அக்கறைக்கு நேரமே இல்லாத வறிய பெற்றோரின் பிள்ளையும் மதிய உணவுப் பட்டியலில் ஒரே நிரலில்தான் வருவார்கள். இந்தச் சிக்கலை அவிழ்க்க நேர்மையான வழி குலுக்கல். 2002க்குப் பின்னர் நியூயோர்க்கில் திறக்கப்பட்ட சிறிய உயர்நிலைப் பாடசாலைகள் பலவற்றில் இடங்களை விட விண்ணப்பங்கள் கூடியபோது குலுக்கல் முறை பயன்பட்டது. இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் ஒப்பிட்டது. விண்ணப்பித்த பெற்றோர் இரு பக்கமும் ஒரே மாதிரியானவர்கள். 2010இல் வெளியான முடிவின்படி, நான்கு வருடங்களில் படிப்பை முடித்தவர்கள் சிறிய பாடசாலைகளில் 68.7 வீதம், மற்றவர்களில் 61.9 வீதம். ஏழு புள்ளிக்கும் சற்றுக் குறைவு. அற்புதம் அல்ல, ஆனால் அது உண்மையான பயன், அதுவும் வறிய பிள்ளைகளுக்கு. என் பார்வையில், 90 வீதத்தை விட இந்த ஏழு புள்ளிக்கே பெறுமதி அதிகம்.

இரண்டாவது சந்தேகம் கணக்கு சம்பந்தமானது. 20 பேர் கொண்ட வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 5 வீதம். இருவர் காய்ச்சலோடு பரீட்சை எழுதினால் பாடசாலை 10 வீதம் சரிந்துவிடும். 500 பேர் பரீட்சை எழுதும் இடத்தில் அந்த இருவர் கண்ணுக்கே தெரியமாட்டார்கள். புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் பென்சில்வேனியா மாநிலத்தின் 1,662 பாடசாலைகளை எடுத்துப் பார்த்தார். முதல் 50 இடங்களைப் பிடித்தவற்றில் 6 பாடசாலைகள், மாநிலத்தின் மிகச் சிறிய 50இல் அடங்கின. இது தற்செயலாக எதிர்பார்க்கக்கூடியதைப் போல் நான்கு மடங்கு. இதோடு நிறுத்தினால் சிறிய பாடசாலையே சிறந்தது என்று சொல்லிவிடலாம். அவர் கடைசி 50ஐயும் பார்த்தார். அங்கே 9 சிறிய பாடசாலைகள் இருந்தன. கேட்ஸ் மன்றம் பெருந்தொகைப் பணத்தைச் சிறிய பாடசாலைகளில் கொட்டிய காலத்தில், பலர் பட்டியலின் மேல் பாதியை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தனர்.

சிறிய எண்ணிக்கை இன்னொன்றையும் மறைக்கிறது. 2002இல் ஜனாதிபதி புஷ் கையொப்பமிட்ட சட்டம், பெறுபேறுகளை இனம், வறுமை, மாற்றுத்திறன், ஆங்கில அறிவு எனப் பிரித்து வெளியிடச் சொன்னது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு பிரிவில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைவானோர் இருந்தால், பிள்ளைகளின் அந்தரங்கம் கருதி அந்தக் கட்டம் வெறுமையாக விடப்படும். சிறிய பாடசாலையின் அட்டவணையில் இத்தகைய வெற்றுக் கட்டங்கள் ஏராளம். அங்கேயுள்ள ஆறேழு அகதிப் பிள்ளைகள் முன்னேறினார்களா, பின்தங்கினார்களா என்பதை வெளியில் இருப்பவர் அறிய முடியாது.

அட்டவணையில் கட்டமே இல்லாத விடயங்களும் உண்டு. மையர் 1997இல் பொஸ்டனில் மிஷன் ஹில் என்ற இன்னொரு சிறிய அரச பாடசாலையை ஆரம்பித்தார். பாடத்திட்டத்திலும் ஆசிரியர் தெரிவிலும் சுதந்திரம் பெற்ற முன்னோடிப் பாடசாலை அது. மாற்றுக் கல்வியை நேசிப்பவர்கள் அதை நீண்டகாலம் உதாரணமாகக் காட்டினார்கள். அவர் விலகிப் பல வருடங்களுக்குப் பின்னர் நடந்த சுயாதீன விசாரணை, பாலியல் அத்துமீறல்களிலிருந்தும் துன்புறுத்தல்களிலிருந்தும் பிள்ளைகளைப் பாதுகாக்கப் பாடசாலை தவறியதாகக் கண்டது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில் முறைப்பாடு செய்வது இலகு என்று நாம் நினைப்போம். சில வேளைகளில் அதுவே கடினம்.

2022 மே மாதம் பொஸ்டன் பாடசாலைக் குழு மிஷன் ஹில்லை மூட வாக்களித்தது. அந்தக் கல்வியாண்டின் முடிவோடு அது மூடப்பட்டது. அங்கு படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நகரின் வேறு பாடசாலைகளுக்குப் பிரிந்து போனார்கள்.