விஷ்போன்

கோழியின் நெஞ்சுக்கு மேலே கவட்டைபோல் பிரிந்திருக்கும் எலும்புக்கு ஆங்கிலத்தில் விஷ்போன் என்று பெயர். காயவைத்து இருவர் ஆளுக்கொரு முனையாக இழுப்பார்கள். பெரிய துண்டு யாருக்கோ, அவர் நினைத்தது நடக்குமாம்.

இந்தச் சாப்பாட்டு மேசைச் சொல் 1968-இல் கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்துக்குள் புகுந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழக அணிக்குத் துணைப் பயிற்சியாளர் எமரி பெல்லார்ட் வகுத்த வியூகம் அது. பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் பின்னால், ஓட்டக்காரரான ஃபுல்பேக். அவருக்கும் பின்னே இருபுறமும் இன்னும் இரண்டு ஓட்டக்காரர்கள், ஹாஃப்பேக்குகள். தலைமைப் பயிற்சியாளர் டேரல் ராயல் அதை ‘ஒய்’ (Y) என்றுதான் சொன்னார். ஹூஸ்டன் பத்திரிகையாளர் மிக்கி ஹெர்ஸ்கோவிட்ஸ் எலும்பின் பெயரைச் சூட்டினார்; அதுவே நிலைத்தது.

சூட்சுமம் இதுதான்: எதிரணித் தடுப்பாளர் ஓரிருவரை வேண்டுமென்றே மறிக்காமல் விடுவார்கள். அவர்கள் எந்தப் பக்கம் பாய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, பந்தை ஃபுல்பேக்கிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா, ஹாஃப்பேக்கிடம் தள்ளுவதா என்று குவார்ட்டர்பேக் கண நேரத்தில் தீர்மானிப்பார். எறிதல் அபூர்வம், ஓட்டமே ஆட்டம்.

தொடக்கம் சொதப்பல்தான். முதல் ஆட்டம் 20-20 சமன், அடுத்தது தோல்வி. ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டைக் குவார்ட்டர்பேக் ஆக்கியபின் அணி தொடர்ந்து 30 ஆட்டங்களை வென்றது. பரம எதிரியான ஓக்லஹோமாவே 1970-இல் இதைக் கடன்வாங்கியது; மறுஆண்டு அலபாமாவும்.