கணக்கேட்டில் அடங்காதவர்



1962 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2 ஆந் திகதி இரவு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஹேர்ஷி என்னும் சிற்றூரில் ஒரு கூடைப்பந்தாட்டம் நடைபெற்றது. கண்டுகளித்தோர் 4,124 பேர். தொலைக்காட்சியில் அது காட்டப்படவில்லை. அவ்விரவில் பிலடெல்பியா அணியைச் சேர்ந்த வில்ற் சேம்பர்லேன், நியூயோர்க் அணிக்கெதிராகத் தாம் ஒருவராகவே 100 புள்ளிகளைப் பெற்றார். அன்று தொட்டு அவ்வெண்ணை எட்டியவர் எவருமிலர்.

பண்டை வீரர் பெரியரா, இக்காலத்தவர் பெரியரா என்ற வழக்கு எழும்போதெல்லாம் இந்த நூறே முதற் சாட்சியாக அழைக்கப்படுகின்றது. ஒரு சாரார் அதனை வியப்பர். மறு சாரார் அக்காலத்து எதிரிகள் வலியற்றவர் என்று தள்ளுவர். இரு சாராரும், அவ்வெண் எந்த விதிகளின் கீழ்ப் பிறந்தது என்று கேட்பதில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம். 1950 நவம்பர் 22 இல் போட் வெயின் அணி மினியாப்போலிஸ் அணியை 19 இற்கு 18 என்ற கணக்கில் வென்றது. ஒரு முழு ஆட்டத்தில் இரு அணிகளும் பெற்ற மொத்தம் 37 புள்ளிகளே! மினியாப்போலிஸ் அணியில் ஆறடி பத்தங்குல உயரமுடைய ஜோர்ஜ் மைக்கன் இருந்தார். அவர் கையிற் பந்து சேராதிருக்க ஒரே வழி, அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பொழுதைப் போக்குவது என எதிரணியினர் கண்டனர். அதைத் தடுக்க விதியொன்றும் இருக்கவில்லை. அப்படியிருந்தும் அந்தப் பதினெட்டில் 15 புள்ளிகள் மைக்கனுடையவை. மறு ஆண்டு, தாக்கும் அணியினர் நீடித்து நிற்கலாகாத, கூடையின் முன்னுள்ள பரப்பை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலமாக்கினர். மைக்கனை முன்னிட்டே அது செய்யப்பட்டது.

1954 இல், சிரக்கியூஸ் அணியின் உரிமையாளர் டனி பயசோன் என்பவரின் யோசனைப்படி, பந்தைப் பெற்ற அணி 24 விநாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டுமென்ற விதி வந்தது. ஆட்டநேரம் 2,880 விநாடி, நல்லதோர் ஆட்டத்தில் இரு அணிகளும் எறிவது ஏறக்குறைய 120 முறை, வகுத்தால் 24. நாலாம் வகுப்புக் கணக்குத்தான். ஆயினும் விளையாட்டின் உயிரைக் காத்தது அதுவே.

அதன்பின் ஆட்டம் ஓட்டமாயிற்று. 1961-62 பருவகாலத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் எறிந்தது. அவற்றுட் பாதிக்கு மேல் தவறின. தவறித் திரும்பும் பந்துகள் மலிந்திருந்தமையால் அவற்றைக் கைப்பற்றியோரின் எண்ணிக்கையும் பெருகிற்று. அப்பருவத்தில் சேம்பர்லேனின் சராசரி 50.4 புள்ளிகள். இதில் ஒரு பங்கு ஆட்டத்தின் வேகம் தந்த கொடை. ஆனால் 48 நிமிட ஆட்டத்தில் அவர் சராசரியாக 48.5 நிமிடம் களத்தில் நின்றார்; மேலதிக நேரமும் சேர்ந்த கணக்கு இது. அதனை எந்த வேகமும் தரவில்லை.

எங்கள் ஆசிரியர் அறையிலும் இத்தகைய வழக்கு உண்டு. பழைய சாதாரண தரப் பரீட்சையின் ‘டி’ பெரிதா, இன்றைய ‘ஏ’ பெரிதா என்று மதிய இடைவேளை முழுவதும் வாதிடுவோம். வினாத்தாளை எடுத்துப் பார்ப்போர் குறைவு.

இக்காலத்தவர்க்கும் இது பொருந்தும். 2015-16 இல் ஸ்ரெபன் கறி 402 மூன்று புள்ளி எறிகளைக் கூடையிலிட்டார். அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் மூன்று புள்ளிக் கோட்டை வரைந்ததே 1979 இல். அதற்கு முன் எத்தனை தொலைவிலிருந்து எறிந்தாலும் இரண்டே புள்ளி. பயனற்ற ஒன்றை முன்னோர் பயிலவில்லை என்று குறை கூறலாமா? ஆயினும் பந்தைக் கையாளும் நுட்பத்திலும் எறியும் திறத்திலும் இன்றையோர் பொதுவில் மேம்பட்டவர் என்பதே என் அபிப்பிராயம்.

ஆனால் பில் றசல் என்றொருவர் இருந்தார். பொஸ்டன் அணியில் 13 பருவங்கள் ஆடி 11 முறை வெற்றிக்கிண்ணம் கண்டவர். அவருடைய சராசரி 15 புள்ளிகள் மாத்திரம். எதிரி எறியும் பந்தைத் தடுப்பதே அவர் வித்தை. தடுத்த பந்தை வெளியே அடித்துவிடாது தம் தோழர் கைக்குத் தட்டிவிடுவார். அத்தடுப்புக்களைச் சங்கம் எண்ணத் தொடங்கியது 1973 இல். றசல் ஓய்வு பெற்றது 1969 இல். ஆகவே அப்பட்டியலில் அவருக்கு ஓர் எண்தானும் இல்லை. 1960 நவம்பர் 24 இல் சேம்பர்லேன் அவருக்கெதிராகத் திரும்பிய பந்துகள் 55 ஐக் கைப்பற்றிச் சாதனை படைத்தார். அன்றும் வென்றது பொஸ்டன்.

எண்ணப்படாதது வேறுமுண்டு. 1961 இல் கென்ரக்கி மாநிலத்து லெக்சிங்ரனில் ஒரு காட்சி ஆட்டத்துக்குச் சென்றவிடத்து, கறுப்பினத்தவரென்பதால் அவருடைய அணித் தோழர்க்கு விடுதியில் உணவு மறுக்கப்பட்டது. றசலும் அணியின் ஏனைய கறுப்பின வீரரும் ஆடாமலே ஊர் திரும்பினர். அந்நாளுக்குக் கணக்கேட்டில் அவர் பெயரில் ஒன்றுமில்லை.

2022 ஜூலையில், தமது 88 ஆம் வயதில் றசல் காலமானார். அவர் அணிந்த 6 ஆம் இலக்கத்தை இனி எந்த அணியிலும் புதிதாக எவருக்கும் வழங்குவதில்லையெனச் சங்கம் தீர்மானித்தது; முன்பே அணிந்திருந்தோர் மட்டும் தொடரலாம் என்றது. 2023 பெப்ரவரி 7 இல் லெப்ரோன் ஜேம்ஸ், கரீம் அப்துல் ஜபாரின் 38,387 புள்ளிகளைக் கடந்தார். அவ்விரவு அவருடைய சட்டையில் இருந்த இலக்கம் 6.